பேறுகாலத் தேகப்பயிற்சியின் கதை

மக்கட்பேற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழந்தையின் வருகையையே எழுதுவர். ஆயுதப் பிரசவம் எப்பொழுது வந்தது, மயக்க மருந்தை முதலில் கையாண்டவர் யார், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் முறை எங்கே தொடங்கிற்று என்பன அவ்வரலாற்றின் அத்தியாயங்கள். குழந்தை பிறந்த பின்னர்த் தாயின் உடல் என்ன ஆயிற்று என்னும் கேள்வி அந்நூல்களில் அடிக்குறிப்பாக இடம்பெறுவதும் அரிது. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அந்த விடுபட்ட பகுதியைச் சேர்ந்தது. கருவுற்ற பெண்கள் தம் இடுப்பின் அடித்தளத் தசைகளைப் பயிற்சியால் உறுதி செய்துகொள்ளும் முறை எவ்வாறு உருவாயிற்று, அதற்கு வழி கண்டவர் யாவர், திருவனந்தபுரத்துத் தைக்காட்டிலுள்ள மருத்துவமனை ஒன்று இக்கதையில் ஏன் இடம்பெறவேண்டும் என்பவற்றைச் சற்றே விரிவாகக் காண்போம்.

முதலில் அத்தசைகள் யாவை என அறிதல் வேண்டும். நம் இடுப்புக்கூடு அடியில்லாத கிண்ணம் போன்றது. அதன் அடிப்புறத்தை மூடியிருப்பது எலும்பன்று, தசை. முன்புறம் அடிவயிற்றின் கீழுள்ள எலும்பு முதல் பின்புறம் வால் எலும்பு வரையில், குழந்தைக்குத் தூளி கட்டினாற்போல் அத்தசை அமைந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுவே. கருவுற்ற காலத்தில் சுமை நாளுக்கு நாள் வளர்கிறது. உடலில் ஊறும் ஹார்மோன்கள் கட்டுகளைத் தளர்த்துகின்றன. பிள்ளை பிறக்கும் நேரத்திலோ, அத்தசையின் சில இழைகள் தம் இயல்பான நீளத்தைப்போல் மும்மடங்குக்கு மேல் நீளவேண்டியிருக்கிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2004-இல் கணித்துக் காட்டினர். நீண்டது பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. முழுவதும் மீளாதவிடத்து, இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. சிலருக்குக் கருப்பையே இடம்விட்டு இறங்குகிறது. நம் பாட்டிமார் இதனை ‘அடி தள்ளிவிட்டது’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டனர். ஆண்மக்கள் காதில் விழும்படி சொல்லியதில்லை. மருத்துவன் காதிலும் அது விழவில்லை.

கருவுற்றவள் உடலை வருத்தலாமா என்பது மிகப் பழைய வழக்கு. சரக சங்கிதையின் சாரீர ஸ்தானத்தில் சுவையான விவாதம் ஒன்று வருகிறது. வலி எடுத்தும் பிள்ளை பிறவாதிருந்தால், அவளை எழச்செய்து, கையில் உலக்கையைக் கொடுத்து, தானியம் நிறைந்த உரலில் குத்தச் சொல்லவேண்டும் என்று சிலர் கூறினர். ஆத்திரேயர் அதனை மறுக்கிறார். கருவுற்ற பெண்ணுக்குக் கடும் உழைப்பு எப்போதுமே ஆகாது. பிரசவ வேளையிலோ அது உயிருக்கே ஊறு செய்யும். உலாவுவதும் கொட்டாவி விடுவதும் போதும் என்பது அவர் தீர்ப்பு. வலி வாராதபோது முக்கலாகாது, வலி வரும்போது முதலில் மெல்லவும் பின்னர்ப் படிப்படியாக வலுவாகவும் முக்கவேண்டும் என்றும் அந்நூல் சொல்லுகிறது. இன்றைய மருத்துவச்சியும் அதனை ஒத்துக்கொள்வாள். ஆயினும் உலக்கைக் கட்சி முற்றிலும் தோற்றுவிடவில்லை. ‘நெல் குத்தினவளுக்கு நோவு தெரியாது’ என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவர் வாயிலிருந்தே புதுவடிவில் எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

மற்றொரு பழமையையும் இங்குக் குறித்தல் தகும். அடயோக நூல்கள் ‘மூலபந்தம்’ என்றொரு பயிற்சியைக் கூறுகின்றன. குதிகாலால் மூலத்தை அழுத்தி, அப்பகுதியின் தசையைச் சுருக்கி மேலே இழுத்தல் அதன் செய்முறை. நாம் பேசும் தசைதான் அது. செயலும் ஏறத்தாழ ஒன்றே. இதனைக் காட்டி, மேனாட்டார் கண்டதெல்லாம் நம் முன்னோர் கண்டதே என்று வாதிடுவோர் உண்டு. நமக்கு அவ்வாதம் உடன்பாடன்று. யோகி அதனைச் செய்தது பிராணனை மேலேற்றும் நோக்கத்தோடு. பத்தாம் மாதத்துப் பெண்ணொருத்தியின் இடுப்பை நினைந்து யாரும் அதனை வகுக்கவில்லை; அவளுக்கு யாரும் கற்பிக்கவுமில்லை. தசையை அறிந்திருந்த நாட்டில் தாய்க்கு அதனைச் சொல்லித்தர ஆளில்லாமற் போனது ஏன் என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நகரம் அது. தெற்கே நாஞ்சில் நாடு முழுவதும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் அதன் ஆட்சி வட்டத்துள் இருந்தது. அங்கே பேறு பார்த்தவள் மலையாளத்தில் வயற்றாட்டி, தமிழில் மருத்துவச்சி. பிள்ளை பெற்றவளைப் பேணும் முறைக்குப் பிரசவ ரட்சை என்று பெயர். எண்ணெய் தேய்த்தலும், இலைகள் இட்டுக் காய்ச்சிய வேது நீரில் குளித்தலும், அரிஷ்டமும் இலேகியமும் வாரக்கணக்கில் நடைபெறும். தமிழ் வீடுகளில் பேறுகால மருந்தும் பத்தியமும் வயிற்றைத் துணியால் கட்டுவதும் அதற்கு ஈடாயின. இவற்றை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. ஈன்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு என்பதே பெருமருந்து. அது கிட்டாத கூலிப்பெண்ணைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். ஆனால் வயிற்றுக்கட்டு மேற்சுவரைத்தான் அணைக்கிறது. அடித்தளத்துக்கு அதனால் பயிற்சி ஏதும் கிடைப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்காலத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் அச்சம். அங்கே ஆண் வைத்தியர் இருந்தார். அவரிடம் அவர்கள் இத்தகைய குறையைச் சொல்ல வாயெடுக்கமாட்டார்கள்.

அந்நிலையை மாற்றத் தொடங்கியவர் மேரி புன்னன் லூக்கோஸ். 1886-இல் அய்மனத்தில் பிறந்த இவருடைய தந்தையார் டாக்டர் டி. ஈ. புன்னன் திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவராயிருந்தவர். மகளும் மருத்துவம் பயில விரும்பினார். ஆயின் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரி, பெண் என்னும் காரணத்தால் அவருக்கு விஞ்ஞான வகுப்பில் இடம் தரவில்லை. அவர் சரித்திரம் படித்து 1909-இல் பி.ஏ. பட்டம் பெற்றார், கல்லூரி முழுவதிலும் அவர் ஒருவரே மாணவி. பின்னர் இலண்டன் சென்று மருத்துவப் பட்டம் பெற்று, டப்ளின் நகரத்து ரொட்டண்டா மருத்துவமனையில் பேறுகால மருத்துவமும் பயின்று, 1916-இல் ஊர் திரும்பினார். தைக்காட்டிலிருந்த பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் அங்கே செய்தவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதவை. நாட்டு மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடத்த இயலாது என்பதை அவர் கண்டார். எனவே அவர்கள் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பணியில் பயிற்சி அளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். தாயின் கைப்பழக்கமும் புதிய கல்வியும் ஒரே வீட்டில் சேர்ந்தன. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த சந்தேகமும் குறையலாயிற்று. இரண்டாவது, இதனினும் துணிவானது. 1917-இல் குருவிளா லூக்கோஸ் என்னும் வழக்கறிஞரை மணந்த அவர், தம் முதற் குழந்தையைத் தம் மருத்துவமனையிலேயே பெற்றெடுத்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவது ஆபத்து என்று அஞ்சிய ஊருக்கு அதனினும் வலிய பிரசங்கம் வேறென்ன இருக்கமுடியும்?

கேரளத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்த முதல் அறுவை 1920-இல் அவர் கையால் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு மின்னொளி வந்தது 1929-இல் என்பதையும் இங்கு நினைவில் வைக்கவேண்டும்; விளக்குத் திரியின் வெளிச்சத்தில் அறுவை செய்த காலம் அது. 1922-இல் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் சட்டசபை உறுப்பினரானார். 1924-இல் பொறுப்பு நிலையிலும் 1938-இல் முழுநிலையிலும் சர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்றார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே. 32 அரசாங்க மருத்துவமனைகளும் 40 மருந்தகங்களும் அவர் ஆணைக்குட்பட்டிருந்தன. நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியால் தோன்றியதே. விஞ்ஞான வகுப்பின் கதவை அவருக்கு அடைத்த நகரமே, பின்னர் நாடு முழுவதன் மருத்துவத்தை அவர் கையில் ஒப்படைத்தது.

மேரி இலண்டனில் பயின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நகரில் ஆரவாரமில்லாத முயற்சி ஒன்று தொடங்கிற்று. 1912-இல் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையின் பேறுகால மருத்துவர் ஃபேர்பர்ன், மின்னி ராண்டெல் என்னும் செவிலியை அழைத்து, ஈன்ற பெண்கள் படுக்கையிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகளை வகுக்கச் சொன்னார். ஈன்றவள் அசையாமல் கிடக்கவேண்டும் என்பதே அன்று அங்கும் மரபு. ராண்டெல் அம்மையார் செவிலித் தொழிலோடு மருத்துவச்சித் தொழிலும் உடற்பயிற்சி மருத்துவமும் அறிந்தவர். அவரிடம் பயின்றோருள் ஒருவர் மார்கரெட் மாரிஸ். இவர் நடனக் கலைஞர்! மேடையில் உடலின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே ஆளப் பழகிய இப்பெண்மணி, 1930-இல் உடற்பயிற்சி மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். இடுப்பின் அடித்தளத் தசையைச் சுருக்கியும் தளர்த்தியும் பழகினால் சிறுநீர்க் கசிவைத் தடுக்கவும் போக்கவும் கூடும் என்று 1936-இல் எழுதினார். பரதம் பயின்ற நம் பெண்மணிகளுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

மூன்றாமவர் நம் நாட்டிலேயே பாடம் கற்றவர். காத்லீன் வாகன் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் பணிபுரிந்தார். அங்கே அவர் கண்ட காட்சி இருவகைத்து. திரைமறைவில், வெயில் படாத அறைகளில் அடைபட்டு வாழ்ந்த செல்வர் வீட்டுப் பெண்களுக்கு எலும்பு மென்மையுற்று, இடுப்புக்கூடு வளைந்து, பிரசவம் உயிர்ப்போராட்டமாயிற்று. ஜீலம் ஆற்றிலும் தால் ஏரியிலும் படகு தள்ளி வாழ்ந்த ஏழைப் பெண்களோ எளிதாகப் பிள்ளை பெற்றனர். இக்கொடுமையை 1928-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1937-இல் வெளிவந்த மற்றொரு நூலில், இடுப்பின் வடிவம், மூட்டுகளின் நெகிழ்ச்சி, பேற்றுக்கு இயல்பான உட்காரும் நிலை என்னும் மூன்றையும் வற்புறுத்தினார். சம்மணமிட்டு அமர்வதும் குந்தி உட்காருவதும் இலண்டன் மாதர்க்குப் பயிற்சிகளாக அறிமுகமாயின. நம் அடுக்களையில் நாளும் நடந்தது அங்கே பாடமாயிற்று!

இவ்விடத்தில்தான் பழைய உலக்கைக் கட்சி மீண்டும் தலையெடுக்கிறது. உழைக்கும் பெண்ணுக்குப் பயிற்சி வேண்டா, அவள் உழைப்பே பயிற்சி என்று பலர் முடிவு கட்டினர். படகுப் பெண்ணின் நலத்துக்கு வெயிலும் பெருங்காரணம் என்பதை வாகன் அம்மையாரே கூறியிருந்தும் இம்முடிவு பரவிற்று. இது பிழையான முடிவு என்பதற்கு நேபாளம் சான்று. அங்கே ஈன்ற சில நாள்களிலேயே விறகும் நீரும் சுமக்கும் மலைநாட்டுப் பெண்களிடையே கருப்பை இறக்கம் மிகுந்து, 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு அரசுக்குக் கட்டளையிட நேர்ந்தது. சுமை தூக்குவது வேறு, சுமை தாங்கும் தசையைப் பழக்குவது வேறு. ஆத்திரேயர் உலக்கையை மறுத்தது இவ்வகையில் சரியே.

இத்தனை பெண்கள் உழைத்த துறைக்கு இன்று வழங்கும் பெயர் ஓர் ஆணுடையது என்பது வரலாற்றின் விளையாட்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர்னால்டு கெகல் என்னும் மருத்துவர் 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தசையைச் சுருக்கச் சொன்னால் பெண்கள் பலர் வேறெங்கோ சுருக்குகின்றனர், தாம் செய்வது சரியா என்று அவர்களுக்கே தெரிவதில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே தசையின் அழுத்தத்தை முள் நகர்ந்து காட்டும் ஒரு சிறு கருவியை அமைத்தார். கண்ணுக்குப் புலப்படாத தசைக்கு ஒரு கண்ணாடி கிடைத்தது. ‘கெகல் பயிற்சி’ என்ற பெயர் உலகெங்கும் நிலைத்தது. அவர் தொண்டு பெரிதே. ஆயின் மாரிஸ் எழுதிப் 12 ஆண்டுகள் கழித்தே அவர் எழுதினார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பயன் உண்டா என்ற கேள்விக்குத் தக்க சோதனை நெடுங்காலம் நடைபெறவில்லை. நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹைம் நகரில், முதன்முறை கருவுற்ற 301 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 12 வாரம் முறையாகப் பயின்றவருள், 36-ஆம் வாரத்தில் 100-க்கு 32 பேருக்குக் கசிவு இருந்தது. பயிலாதவருள் 48 பேருக்கு. பேற்றுக்கு 3 மாதத்துக்குப் பின்னர் 20 பேர், 32 பேர் என்பது கணக்கு. தசை வலுத்தால் பிள்ளை வெளிவரத் தடையாகும் என்று சிலர் அஞ்சியதும் அதே ஆய்வில் பொய்த்தது. 21 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 46 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் காக்ரேன் குழுவினர் ஆராய்ந்தபோதும், கசிவு தொடங்குமுன்னரே கருக்காலத்தில் பயில்வோர்க்கு நன்மை உண்டென்பது உறுதியாயிற்று. கசிவு வந்த பின்னர்க் கருக்காலத்தில் தொடங்குவோர்க்கு அத்தகைய உறுதியை அவர்கள் கூறவில்லை. எனவே முந்திக்கொள்வது நன்று.

செய்முறை எளிது. காற்றையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதுபோல் அத்தசையை உள்ளும் மேலுமாக இழுத்து, சில விநாடி நிறுத்தி, பின்னர் முற்றிலும் தளர்த்தவேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். படிப்படியாக 10 விநாடி வரையில் நிறுத்தப் பழகலாம். தளர்த்துவதும் பயிற்சியே, அதனை அவசரமாக முடிக்கலாகாது. மூச்சை அடக்குவதும், வயிற்றையும் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவதும், கீழ்நோக்கி முக்குவதும் தவறு. சிறுநீர் கழிக்கும்போதே இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. சொல்லக் கேட்டவருள் மூவரில் ஒருவர் அளவுக்கு முதலில் பிழையாகவே செய்கின்றனர் என்று ஆய்வாளர் கூறுவதால், ஒருமுறையேனும் இயன்முறை மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற செவிலியிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும். நோவோ உதிரப்போக்கோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது.

அறுவையால் பிள்ளை பெறுவோர்க்கு இது வேண்டியதில்லை என்று எண்ணுவோரும் உளர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 100-க்கு 38.9, தமிழ்நாட்டில் 44.9 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தவை. ஆனால் ஒன்பது திங்கள் சுமையை அத்தசை அவர்களுக்கும் தாங்கியே தீர்கிறது. அதே கணக்கெடுப்பில் கேரளத்தில் மருத்துவ நிலையங்களில் நடந்த பேறு 100-க்கு 99.8. ஆஸ்பத்திரி என்றால் அஞ்சிய அந்நாட்டில் மேரி லூக்கோஸ் தம் குழந்தையை அங்கே பெற்றுக் காட்டி ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பெண்கள் உள்ளே வந்துவிட்டனர். வந்தபின் எதனைச் சொல்கின்றனர், எதனைச் சொல்லாமல் வீடு திரும்புகின்றனர் என்பதே எஞ்சிய பகுதி.

வெளிமாநிலத்துத் தமிழர்க்கு இது இருமடங்கு கடினம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்னும் வழக்கம், சூரத்திலும் பூனாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் தொழில் பார்க்கும் குடும்பங்களுக்கு எப்போதும் கைகூடுவதில்லை. தாய் அருகில் இல்லை. செவிலியோ வேறு மொழி பேசுகிறாள். மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியவர் கணவராயிருக்கிறார். பாதிச் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. 2021-இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டிக் குழு ஒன்று கூறியது இங்குக் கருதத்தக்கது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இக்குறை இருந்திருந்தால், அப்பெண்ணுக்குக் கருவுற்ற 20-ஆம் வாரம் தொடங்கி மூன்று மாதம் பயிற்றுநர் மேற்பார்வையில் பயிற்சி அளித்தலை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. தாய் தன் குறையை மகளிடம் சொல்லியிருந்தால்தானே மகள் அதனை மருத்துவரிடம் சொல்லமுடியும்? ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அன்னையர், பத்தியத்தையும் மருந்துப்பொடியையும் பற்றிச் சொல்லும்போது இதனையும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம்.

சொல் கிடைக்கவில்லை என்று தயங்கவேண்டா. வீட்டில் நாம் கூச்சத்தோடு விலக்கும் ‘மூத்திரம்’ என்னும் சொல், உச்சரிப்பு சற்று மாறினாலும், கேரளத்திலும் கன்னட நாட்டிலும் ஆந்திரத்திலும் மராத்தியர் நடுவிலும் மருத்துவமனைகளில் அப்படியே விளங்கும். இந்தி பேசுமிடத்தில் ‘பேஷாப்’ என்றால் போதும். எத்தனையாவது வாரம், இருமும்போதா நடக்கும்போதா, எப்போது தொடங்கிற்று, கீழே ஏதேனும் இறங்குவதுபோல் தோன்றுகிறதா என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுசென்றால், கணவர் துணையின்றியே அந்தச் செவிலியிடம் நீட்டிவிடலாம்.